தாழ்மை யாருக்குச் சொல்லப்பட்டது?



மங்கலம்பேட்டையில் நின்று கிறித்தவத் தாழ்மையைப் பற்றிப் பேச வேண்டுமென்றால், பக்கத்து உளுந்தூர்ப்பேட்டை வட்டத்து எறையூரைத் தாண்டிப் போக எங்களால் முடியவில்லை. அங்கே ஜெபமாலை அன்னை ஆலயத்தில் தலித் மக்களுக்குத் தனி இடம். இறந்தால் தனிப் பாதை, தனிக் கல்லறை. எங்களுக்கென்று தனிப் பங்கு கொடுங்கள் என்று 2008 மார்ச்சில் அவர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். மார்ச் 9 அன்று கலவரம். தலித் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் வன்னியக் கிறித்தவர் இருவர் இறந்தார்கள். எல்லோரும் ஒரே நற்கருணையை வாங்கியவர்கள்தான்.

இப்படிப்பட்ட ஊர்களில் காலங்காலமாகச் சேரிக்குச் சொல்லப்பட்ட பிரசங்கம் ஒன்றே: தாழ்மையாக இருங்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே தாழ்த்தப்பட்டவன் இன்னும் எங்கே இறங்குவான்?

வேதத்தைத் திறந்தால் கதை வேறாக இருக்கிறது. கடைசி இராவிருந்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தவர் போதகர். கால் நீட்டியவர்கள் சீடர்கள். கடவுள் நிலையில் இருந்தவர் தம்மை வெறுமையாக்கி அடிமையின் கோலம் எடுத்தார் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதுகிறார். இறங்குகிறவர் மேலே இருந்தவர். யோர்தான் கரையில் கூட்டம் சேர்த்த யோவானும் அப்படியே: தன்னிடம் வந்தவர்களை இன்னொருவரைக் காட்டி அனுப்பிவிட்டுத் தான் ஒதுங்கினார். இழக்க ஏதாவது கையில் இருக்கிறவருக்குத்தான் தாழ்மை ஒரு கட்டளை. மற்றவர்களிடம் அதைக் கேட்பது சாதியின் வேலை. (மைக்கை விட மனமில்லாத இயக்கத் தலைவர்களுக்கும் இது பொருந்தும், நாங்களும் அதில் அடக்கம்.)

மற்றவர்களுக்கு விசுவாசத்தைக் காட்டிக்கொடுத்தவர்கள் யார்? மிஷன் வரலாறுகளில் முதலில் வருவது வெள்ளைக்காரர் பெயர். மயிலாடியை எடுத்துக்கொள்வோம். சாம்பவர் குலத்து மகராசன், 1799ஐ ஒட்டிய காலத்தில், சிதம்பரத்துக்கு யாத்திரை வந்தார். நம்முடைய இதே கடலூர்ச் சீமைக்குத்தான். தேடியது அங்கே கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் தஞ்சாவூரில் கோலாப் ஐயரின் பிரசங்கத்தைக் கேட்டு ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். ஊருக்குப் போய்த் தன் சொந்தங்களிடம் சொன்னார். எதிர்ப்பு வந்தது, விடவில்லை. எங்கள் ஊருக்கும் ஒருவர் வேண்டும் என்று கேட்டு, ஜெர்மானியரான ரிங்கல்தௌபேயை வரவழைத்தார். ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்குள் வந்தார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது.

வழி காட்டியவர் யார், வழி கேட்டு வந்தவர் யார் என்று நீங்களே பாருங்கள். வேதமாணிக்கம் யார் முன்னும் கூனிக் குறுகிப் போனவரல்லர். தேடிப் போய்க் கேட்டவர், திரும்பி வந்து சொன்னவர். அவருடைய தாழ்மை, தனக்குக் கிடைத்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளாததில் இருக்கிறது. வாசலுக்கு வாசல் சாதி பார்க்கும் கோயில் எவ்வளவு உயரமாகச் சிலுவையை நட்டாலும், வெளியே நிற்பவனுக்கு அது காட்டுவது சாதியைத்தான்.

ரிங்கல்தௌபேயிடமும் கற்க ஒன்று உண்டு. 1816இல் உடல் நலிந்து திருவிதாங்கூரை விட்டுக் கிளம்பியபோது, தன் பொறுப்பை அவர் இன்னொரு வெள்ளைக்காரருக்காக மூடிவைக்கவில்லை. வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.