விடிந்தும் முடியாத டங்... டங்... டங்!

"ஹொய்ட்டே நிஷ்ட்!"

ஜெர்மன் மொழியில் எனக்குத் தெரிந்தது இந்த இரண்டே வார்த்தைதான். 'இன்னிக்கு இல்லை' என்று அர்த்தம். சொன்னவர் வாசலில் நின்ற ஆறரை அடி மனிதர். கைமாற்று கேட்கப் போனவனிடம் சொல்வது போல சாந்தமாகச் சொல்லிவிட்டு, எங்கள் தலைக்கு மேலாக அடுத்த ஆளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

இடம் பெர்லின். நேரம் வெள்ளி இரவு ஒன்றே முக்கால். இரண்டு மணி நேரம் க்யூவில் நின்ற ஐந்து தமிழர்கள் (அதில் அடியேனும் ஒருவன்) வந்த வழியே திரும்பினோம். ரேஷன் கடையில்கூட 'ஸ்டாக் இல்லை' என்று காரணம் சொல்வார்கள். இங்கே அதுவும் கிடையாது. எந்த கிளப் என்று மட்டும் கேட்காதீர்கள். சொந்த சோகம்!

"ஆம்பளைங்களா அஞ்சு பேர் சேர்ந்து போனா அப்படித்தான் மாப்ளே. தப்பு என் மேலதான்" என்றான் லெட்ஜர்.

லெட்ஜர் என்னோடு பி.காம் படித்தவன். டீக்கடை பாக்கியைக்கூட நடுவில் கோடு போட்டு, பற்று ஒரு பக்கம் வரவு ஒரு பக்கம் எழுதுவான். அதனால் அந்தப் பெயர். நான் பி.காம் முடித்துவிட்டு எழுத வந்தேன் (அப்பா இன்னும் மன்னிக்கவில்லை). அவன் மேலே படித்து, பெர்லினில் ஒரு பெரிய கம்பெனியின் கணக்குப் பிரிவில் போய் உட்கார்ந்தான். 2024 ஆகஸ்டில் நான் அவன் வீட்டு சோபாவில் ஒரு வாரம் படுத்திருந்தபோது, அவன் அங்கே போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது.

போன அன்றைக்கே ஒன்றைக் கவனித்தேன். சமையலறையில் ஒரே ஒரு தட்டு. ஒரே ஒரு டம்ளர். எனக்காகக் கடைக்குப் போய் இன்னொரு தட்டு வாங்கி வந்தான்.

"வீட்டுக்கு யாரும் வர மாட்டாங்களாடா?"

"வருவாங்களே... பார்சல்காரன்!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆபீஸில் எல்லாரும் நல்லவர்கள், மரியாதையானவர்கள். வேலை முடிந்ததும் வணக்கம் சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வெள்ளி சாயங்காலத்திலிருந்து திங்கள் காலை வரை நம் ஆள் வாய் திறந்து பேசுவது சூப்பர் மார்க்கெட் கவுண்டர் பெண்ணிடம் மட்டும். அதுவும், 'ரசீது வேண்டாம்' என்று. ஞாயிற்றுக்கிழமை அந்த பாக்கியமும் இல்லை. ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகளுக்கு லீவு. முதல் குளிர்காலத்தில், ராத்திரி ராத்திரியாக சென்னைக்கு டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருந்தானாம்.

அப்படி இருந்தவனைப் பிடித்து வைத்தது இந்த டங்... டங்... டங்...தான். டெக்னோ!

நிமிஷத்துக்கு 130 அடி சொச்சம், ஒரே சீராக. பல்லவி கிடையாது, சரணம் கிடையாது, பெரும்பாலும் பாடகரே கிடையாது. முதல் ஐந்து நிமிஷம் மாவு மில்லுக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். கொஞ்சம் பொறுத்தால், அந்த அடிக்கு நடுவில் சலங்கை மாதிரி ஒன்று மெதுவாக நுழைவது கேட்கும். பிறகு இன்னொன்று. திடீரென்று அடியை நிறுத்துவார்கள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மறுபடி அந்த 'டங்' வந்து விழுகிறபோது, அத்தனை பேரும் ஒரே நேரத்தில் துள்ளுவார்கள். கோயில் திருவிழாவில் நையாண்டி மேளக்காரர் இதே வித்தையைச் செய்வதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நம் ஊர்க் கூத்து விடிய விடிய நடக்கும். இங்கே விடிந்தும் முடியாது. சனி ராத்திரி ஆரம்பித்து திங்கள் காலை வரை ஓட்டுகிற கிளப்கள் உண்டு.

எப்படி முடிகிறது என்கிறீர்களா? பெர்லினில் 'கடை சாத்தும் நேரம்' என்ற சட்டமே கிடையாது. 1949-ல் நகரம் நான்கு ராணுவங்களின் கையில் இருந்தபோது, ஹைன்ஸ் ஸெல்லர்மையர் என்ற ஓட்டல்காரர் அமெரிக்கத் தளபதி ஃப்ராங்க் ஹவ்லியைப் பார்க்கப் போனார். கையில் ஒரு விஸ்கி பாட்டில். "நேரம் குறித்துச் சாத்தினால் குடித்தவர்களை எல்லாம் ஒரே நேரத்தில் தெருவில் தள்ளுகிறோம். அதனால்தான் ரகளை. சாத்தாவிட்டால் ஒவ்வொருத்தராகத் தானே போய்விடுவார்கள்" என்கிற ரீதியில் வாதாடினார். மேற்கு பெர்லினில் அந்தச் சட்டம் போச்சு!

டெக்னோவின் பிறந்த வீடு ஜெர்மனி இல்லை. அமெரிக்காவின் கார் நகரமான டெட்ராய்ட். எண்பதுகளில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் ஸாண்டர்ஸன் என்ற மூன்று கறுப்பின இளைஞர்கள் மெஷின்களை வைத்து உண்டாக்கியது. 1989 நவம்பர் 9-ம் தேதி பெர்லின் சுவர் திறந்தது. கிழக்குப் பக்கம் ஏகப்பட்ட கட்டடங்கள் காலி. யாருடையது என்றே தெரியாது. பூட்டை உடைத்து ஸ்பீக்கரை வைத்தார்கள். 1991-ல், ஒரு பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோரின் பாதாளப் பெட்டக அறையில் ஒரு கிளப் ஆரம்பித்தது. பெயரே 'ட்ரெஸார்', அதாவது பெட்டகம். துருப்பிடித்த லாக்கர்கள் சுவரில் இருக்க, நடுவில் ஆட்டம். பி.காம் படித்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? (2005-ல் அந்த இடம் போய், 2007 முதல் ஒரு பழைய மின் நிலையத்தில் நடக்கிறது.)

இனி என் துறைக்கு வருகிறேன். வரி!

ஜெர்மனியில் கச்சேரி டிக்கெட்டுக்கு 7 சதவீதம் வரி. டிஸ்கோ, கேளிக்கை என்றால் 19 சதவீதம். 20 யூரோ டிக்கெட்டில் 19 சதவீதம் என்றால் 3 யூரோ 19 சென்ட் சர்க்காருக்கு. 7 சதவீதம் என்றால் 1 யூரோ 31 சென்ட்தான். 'பெர்க்ஹைன்' என்ற பிரசித்தி பெற்ற கிளப்புக்கும் வரி ஆபீஸுக்கும் இதில் வழக்கு. கேள்வி என்னவென்றால், வருகிறவர்கள் சங்கீதம் கேட்க வருகிறார்களா, கூத்தடிக்க வருகிறார்களா? 2016-ல் கோட்புஸ் நகர நிதி நீதிமன்றம் 'சங்கீதம்தான், 7 சதவீதம்' என்றது. 2020-ல் உச்ச நிதி நீதிமன்றமும் டெக்னோ கச்சேரிகளுக்குச் சாதகமாகவே சொன்னது. டி.ஜே. என்பவர் பிறர் இசைத்தட்டைப் போட்டுவிட்டு நிற்கிறவர் இல்லை, இசைத்தட்டையும் மிக்ஸரையும் வாத்தியமாக வைத்துப் புதிதாக ஒன்றை வாசிக்கிறவர் என்பது அவர்கள் கட்சி. பெரிய கோட்டு போட்ட நீதிபதிகள் 'டங் டங்'கைப் பற்றிப் பக்கம் பக்கமாக யோசித்ததை நினைத்தால் எனக்கு மரியாதையாக இருக்கிறது. சிரிக்காதீர்கள். 2006-ல் தமிழில் பெயர் வைத்த படத்துக்குக் கேளிக்கை வரி இல்லை என்று வந்ததும் டைட்டில்கள் எல்லாம் எப்படித் தமிழுக்குத் தாவின என்று பார்த்தவர்கள்தானே நாம்!

2021-ல் நாடாளுமன்றம், கட்டடச் சட்டத்தில் கிளப்களைச் சூதாட்ட விடுதிகளோடு சேர்க்காமல் கலாசார இடங்களாக வகைப்படுத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 2024 மார்ச்சில் பெர்லின் டெக்னோவை ஜெர்மனியின் யுனெஸ்கோ கமிஷன் தன் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. (உலகப் பட்டியல் வேறு. அது இல்லை.)

ஆனால் பட்டியலில் சேர்ந்தால் வாடகை குறையுமா? 2002 முதல் ஸ்ப்ரே நதிக்கரையில் இருந்த 'வாட்டர்கேட்', அதே 2024-ன் கடைசி ராத்திரியோடு மூடிவிட்டது. செலவு கட்டுபடியாகவில்லை.

அது இருக்கட்டும். லெட்ஜருக்கு இதில் என்ன லாபம்?

"உள்ள போயிட்டா ஒரு கேள்வி கிடையாது மாப்ளே. எந்த ஊரு, என்ன விசா, ஜெர்மன் எத்தனாவது லெவல்... ஒண்ணும் கிடையாது. போன் காமிராவுல ஸ்டிக்கர் ஒட்டிடுவாங்க. யாரும் யாரையும் படம் எடுக்க முடியாது. ரெண்டு கையும் எனக்கே சொந்தம். ஆடத் தெரியாதுன்னு உனக்குத் தெரியும். அங்க யாருக்கும் தெரியாது!"

தனியாகத்தான் போவான். பதினோரு தடவையில் எட்டு தடவை உள்ளே, மூன்று தடவை வெளியே. கணக்கு வைத்திருக்கிறான். உள்ளே இருக்கிற பெண்களும் மற்றவர்களும் பயமில்லாமல் ஆடத்தான் வாசலில் இந்தக் கெடுபிடி என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பும்போது, நம் தோல் நிறம்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. அதுவா, சட்டையா, ஐந்து பேரா? கடைசி வரை தெரியாது. அந்தத் தெரியாமையோடுதான் ஊருக்கு வந்தவன் ஒவ்வொருத்தனும் வீடு திரும்புகிறான்.

போதை மாத்திரை உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. இல்லை என்றால் பொய். லெட்ஜர் குடிப்பது 'மாத்தே' என்ற தென்னமெரிக்க இலையில் செய்த சோடா. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து டெபாசிட் காசை மறக்காமல் வாங்கிக்கொள்வான்.

வெள்ளி ராத்திரி பட்ட அவமானத்துக்கு மறுநாளே மருந்து கிடைத்தது. ஆகஸ்ட் 17, சனிக்கிழமை. 'ரேவ் த ப்ளானெட்' ஊர்வலம். இதற்கு வாசலும் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. பிராண்டன்பர்க் வாயிலுக்கும் வெற்றித் தூணுக்கும் நடுவே அகலமான ரோடு, இரண்டு பக்கமும் மரம். லாரி லாரியாக ஸ்பீக்கர். பின்னால் ஜனம்.

இதன் மூத்த அண்ணன் 'லவ் பரேட்'. 1989 ஜூலையில், சுவர் திறப்பதற்கு நாலு மாதம் முன்பு, டாக்டர் மோட்டே என்ற டி.ஜே. சுமார் 150 பேரோடு ஆரம்பித்தது. பத்தே வருஷத்தில் லட்சக்கணக்கில் கூட்டம். சட்டப்படி அது அரசியல் ஆர்ப்பாட்டம்! ஆர்ப்பாட்டம் என்றால் குப்பை அள்ளும் செலவு சர்க்காருடையது. (ஐடியா எப்படி?) 2001-ல் அரசியல் சட்ட நீதிமன்றம் 'இது ஆர்ப்பாட்டம் இல்லை' என்று சொல்ல, செலவு அமைப்பாளர் தலையில் விழுந்தது. பிறகு ஊர் ஊராக அலைந்து, 2010 ஜூலை 24 அன்று டூயிஸ்பர்க் நகரில் ஒரு சுரங்கப் பாதை வாசலில் நெரிசல். 21 பேர் செத்தார்கள். அதோடு முடிந்தது. 2022-ல் அதே மோட்டே பெர்லினில் தொடங்கியதுதான் இந்தப் புது ஊர்வலம். இதுவும் ஆர்ப்பாட்டமாகவே பதிவு. நடுநடுவே கோரிக்கைப் பேச்சும் உண்டு.

மூன்றாவது லாரிக்குப் பின்னால் லெட்ஜர் திடீரென்று என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான்.

"டேய்... எங்க செக்ஷன் சீனியர் அம்மாடா!"

ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. ஆரஞ்சு டிராயர், கன்னத்தில் வெள்ளி ஜிகினா. ஆபீஸில் மூன்று வருஷமாக இவனை 'மிஸ்டர்' போட்டு, 'நீங்கள்' போட்டுத்தான் கூப்பிடுவாராம். ஜெர்மனிலும் நம்மைப் போலவே நீ வேறு, நீங்கள் வேறு. அந்த அம்மாள் நேராக வந்து, இவன் தோளைப் பிடித்துக் குலுக்கி என்னமோ சொன்னார்.

"என்னடா சொல்றாங்க?"

"'நீயா'ங்கறாங்க மாப்ளே..." லெட்ஜர் முகம் சிவந்துவிட்டது.

அவர் கிழக்கு பெர்லின்காரர். சுவர் திறந்த சமயம் இருபது வயசு. பூட்டை உடைத்த கூட்டத்தில் அவரும் ஒருத்தர். நேற்று ராத்திரி கதையை லெட்ஜர் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க காலத்துல வாசல்ல ஆளா? வாசலே கிடையாது!" அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, இவன் காதைக் காட்டி அதட்டினார். 'பஞ்சு வைக்காம நிக்கறியே, செவிடாப் போயிடுவே' என்று.

அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து அம்மா. இங்கே சாயங்காலம் ஐந்து மணி, அங்கே ராத்திரி எட்டரை.

"என்னடா சத்தம் அங்க? போர் போடறாங்களா?"

"திருவிழாம்மா!"

"எந்தச் சாமிக்கு?"

லெட்ஜர் என்னைப் பார்த்தான். நான் லாரியைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவன் ஆபீஸிலிருந்து வந்ததும் கேட்டேன், "நீயா, நீங்களா?"

"நீங்கதான்! காலைல பார்த்ததும் மிஸ்டர் போட்டு, ஜூலை மாசக் கணக்கு முடிஞ்சுதான்னு கேட்டாங்க."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவன் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தான். உள்ளே காதில் வைக்கும் மஞ்சள் ரப்பர் அடைப்பான் ஒரு ஜோடி. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தால் கீபோர்டு மேல் இருந்ததாம். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. ஞாயிறு, மத்தியானம் மூன்று மணி, ஒரு தோட்டத்து விலாசம்.

"என்ன, பதில் சொன்னியா?"

"சொன்னேன். அதுக்கு அடுத்த ஞாயிறு நம்ம வீட்டுல இட்லின்னும் சொல்லிட்டேன். அவங்க வீட்டுக்காரரும் வருவாராம்."

கடை சாத்துவதற்குள் என்னை இழுத்துக்கொண்டு ஓடினான். இன்னும் இரண்டு தட்டு வாங்கினோம். ரசீதை நான்தான் கேட்டு வாங்கிப் பார்த்தேன். வரி 19 சதவீதம்.