பட்டம் எப்படிக் குட்டிக்கரணம் போடுகிறது?

ஆடி மாதம் உடுமலை, பல்லடம் பக்கம் காற்றுக்குப் பஞ்சமே இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளியில் நெருக்குண்டு வேகமெடுக்கிறது. அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்பதும் அதனால்தான்.

இப்படிப்பட்ட காற்றில் குட்டிக்கரணம் போடவைக்கும் சாகசப் பட்டத்துக்கு இரண்டு நூல்கள். 1972-இல் இங்கிலாந்தின் பீட்டர் பவல் வடிவமைத்த பட்டம் இந்த இரட்டை நூல் முறையைப் பரவலாக்கியது. மாட்டுவண்டிக் கயிறு மாதிரிதான்: இடது நூலை இழுத்தால் பட்டத்தின் இடது பாதி பின்தங்கும், வலது பாதி முந்தும், மூக்கு இடப்பக்கம் திரும்பும். விடாமல் இழுத்தால் முழு வட்டம். புதிதாகக் கற்பவர்கள் கார் ஸ்டியரிங் போலக் கையைச் சுழற்றுவார்கள்; பட்டம் அதைக் கண்டுகொள்ளாது. நெஞ்சுக்கு நேரே இழுப்பதும் தளர்த்துவதும்தான் கணக்கு.

காற்று முதுகில் பட நின்றால், எதிரே நடுவில் இழுவை அதிகம், ஓரங்களில் குறைவு. வேகமாக வரும் பட்டத்தை ஓரத்துக்குக் கொண்டுபோய், இரண்டடி முன்னே நடந்தால் நூல் தளர்ந்து, பட்டம் அப்படியே அந்தரத்தில் நிற்கும். அந்த நொடியில் ஒரு நூலை மட்டும் மணிக்கட்டால் சுண்டி, உடனே இரண்டையும் தளர்த்தினால் பட்டம் குட்டிக்கரணம் போடும். தளர்த்த மறப்பதால்தான் பெரும்பாலும் குட்டிக்கரணம் பாதியில் நிற்கிறது.

தென்னந்தோப்புக்குப் பின்னால் பழகாதீர்கள். மரங்கள் காற்றைக் கலைத்துவிடும். மின்கம்பி உள்ள இடமும் கூடாது. சுற்றிச் சுற்றி நூல் முறுக்கிக்கொண்டால் பயம் வேண்டாம். வழவழப்பான நூல் என்பதால் சில முறுக்குகளோடும் பட்டம் சொன்ன பேச்சைக் கேட்கும். எதிர்ப்பக்கம் அத்தனை வட்டம் அடித்தால் பிரிந்துவிடும்.