போலீஸ் தப்பான வீட்டுல ரெய்டு பண்ணிட்டா... உடைஞ்ச கதவுக்கு யார் காசு கொடுப்பாங்க?

வெள்ளாற்றின் இந்தக் கரையில் லப்பைக்குடிக்காடு, அந்தக் கரையில் திட்டக்குடி. இது பெரம்பலூர் மாவட்டம், அது கடலூர் மாவட்டம். பள்ளிவாசல் தெரு என்ற பெயர் ஊருக்கு ஊர் இருக்கும். ஒரே பெயரில், ஒரே இனிஷியலில் நாலு பேர் இருப்பதும் சகஜம்.

இப்போ ஒரு கற்பனை. லப்பைக்குடிக்காட்டில் ஒரு வீடு. கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். வீட்டில் நீங்களும் மாமியாரும் பிள்ளைகளும்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு கதவு தட்டப்படுகிறது. நீங்கள் எழுந்து வருவதற்குள் தாழ்ப்பாள் தெறிக்கிறது. பீரோவை உடைக்கிறார்கள், அரிசி டிரம்மைக் கொட்டுகிறார்கள். கடைசியில், "நாங்க தேடி வந்தது இந்த வீடு இல்லம்மா" என்று சொல்லிவிட்டு ஜீப் கிளம்பிவிடுகிறது.

உடைந்த கதவுக்கும் பீரோவுக்கும் யார் காசு கொடுப்பார்கள்?

இது வெறும் கற்பனையா?

அமெரிக்காவின் அட்லாண்டாவில் 2017 அக்டோபரில் இப்படியே நடந்தது. எஃப்.பி.ஐ. அதிகாரிகள் விடியும் முன்னே ஒரு வீட்டுக்குள் வெடிச்சத்தக் குண்டு வீசிப் புகுந்தார்கள். உள்ளே ஒரு தம்பதியும் 7 வயதுப் பையனும். தேடிய ஆள் வேறு தெருவில் இருந்தார். ஜி.பி.எஸ். தப்பான இடத்துக்குக் கூட்டி வந்துவிட்டது என்பது அதிகாரி தரப்பு விளக்கம். கீழ் நீதிமன்றங்கள் கைவிட்ட அந்தக் குடும்பத்தின் நஷ்டஈட்டு வழக்கை, 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் மறுபடி விசாரிக்கச் சொன்னது. தப்பு நடந்தது யாருக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் 'வழக்கு போடலாம்' என்ற அனுமதிக்கே கிட்டத்தட்ட எட்டு வருஷம்!

நம்ம ஊரில்? 'கர்ணன்' படம் பார்த்தவர்களுக்கு கொடியன்குளம் நினைவுக்கு வரும். தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊருக்குள் 1995 ஆகஸ்ட் 31-ம் தேதி பெரும் போலீஸ் படை நுழைந்தது. குற்றவாளிகளைத் தேடி வந்தோம் என்பது காரணம். டி.வி., ஃபேன், தையல் மிஷின், சைக்கிள் எல்லாம் நொறுக்கப்பட்டன. துணிமணிகளோடு பாஸ்போர்ட்டும் படிப்புச் சான்றிதழ்களும் எரிக்கப்பட்டன. அங்கேயும் பல வீடுகள் வளைகுடா சம்பாத்தியத்தில் நிமிர்ந்தவை. ஒரு பாஸ்போர்ட் எரிந்தால் ஒரு குடும்பத்தின் வேலையே போய்விடும் என்பது லப்பைக்குடிக்காட்டுக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்லுது?

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பி.என்.எஸ்.எஸ். நடைமுறையில் இருக்கிறது. வீட்டுக்குள் தேட வரும் போலீஸ் செய்ய வேண்டியவை இவை:

- கதவை உடைக்கும் முன், தான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று சொல்லி, திறக்கச் சொல்ல வேண்டும். திறக்காவிட்டால்தான் உடைக்கலாம். கைது செய்ய வரும்போது, வெளி ஆண்கள் முன் வராத வழக்கமுள்ள பெண்கள் உள்ளே இருந்தால், அவர்கள் ஒதுங்கிக்கொள்ள அவகாசம் தர வேண்டும்.
- அந்தப் பகுதியைச் சேர்ந்த, வழக்கில் சம்பந்தமில்லாத இரண்டு பேராவது சாட்சியாக இருக்க வேண்டும். வீட்டில் இருப்பவரும் கூடவே நின்று பார்க்கலாம்.
- எடுத்துப் போகும் பொருட்களுக்குப் பட்டியல் போட்டு, அதன் நகலை உங்களுக்குத் தர வேண்டும்.
- சோதனையை வீடியோ எடுக்க வேண்டும். இது புதுச் சட்டத்தில் வந்தது.
- வாரன்ட் இல்லாமல் தேடினால், ஏன் தேடினோம் என்று எழுதிவைத்து, அதை 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். வீட்டுக்காரர் மனு கொடுத்தால் அதன் நகல் இலவசம்.

கடைசி வரியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 'இந்த வீட்டுக்கு ஏன் வந்தார்கள்?' என்பதற்கான பதில் அந்தக் காகிதத்தில்தான் இருக்கும்.

அப்போ நஷ்டஈடு?

இங்கேதான் சிக்கல். தப்பான ரெய்டில் உடைந்த பொருளுக்கு இவ்வளவு, இத்தனை நாளில் தர வேண்டும் என்று தனிச் சட்டம் எதுவும் இல்லை.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1947-ல் மீரட்டில் அமிர்தசரஸ் நகை வியாபாரி ஒருவரைப் போலீஸ் பிடித்து, அவரிடமிருந்த தங்கத்தை வாங்கி வைத்தது. அதைப் பாதுகாக்க வேண்டிய ஏட்டு, தங்கத்தோடு பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். வியாபாரி உச்ச நீதிமன்றம் வரை போனார். கைது, பறிமுதல் எல்லாம் அரசின் இறையாண்மைப் பணி, அதனால் அரசு பொறுப்பல்ல என்று 1964-ல் தீர்ப்பு வந்தது. இதைச் சரிசெய்ய நாடாளுமன்றம் சட்டம் கொண்டு வரட்டும் என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். இன்றுவரை வரவில்லை.

நல்லவேளையாக, பிறகு நீதிமன்றங்களே வழியைத் திறந்துவிட்டன. அடிப்படை உரிமை மீறப்பட்டால் அரசு இழப்பீடு தர வேண்டும் என 1993-ல் ஒடிசா கஸ்டடி மரண வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டே, அதிகாரிகள் பறிமுதல் செய்து கெட்டுப்போகவிட்ட சரக்குக்கு அரசுதான் பொறுப்பு என்று ஆந்திர உர வியாபாரி வழக்கில் தீர்ப்பானது.

காசு அதிகாரி பாக்கெட்டிலிருந்தும் வரலாம். 1992-ல் சந்தன மரம் தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் போலீஸும் புகுந்து சூறையாடிய தர்மபுரி வாச்சாத்தியை மறக்க முடியாது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் தரச் சொன்ன சென்னை உயர் நீதிமன்றம், அதில் 5 லட்சத்தைக் குற்றவாளிகளிடமே வசூலிக்கச் சொன்னது. அது 2023-ல், 31 வருஷம் கழித்து.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 'நல்லெண்ணத்தில் நடந்த தவறு' என்று நிரூபித்தால் அதிகாரி தண்டனையிலிருந்து தப்பலாம். ஆனால், உங்கள் கதவு உடைந்தது உடைந்ததுதானே? அவரைத் தண்டிப்பது வேறு, உங்கள் இழப்பை ஈடுகட்டுவது வேறு. ரெண்டாவதைக் கேட்க, முதலாவது முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

அன்னைக்கு நீங்க என்ன செய்யணும்?

தடுக்காதீர்கள், தள்ளாதீர்கள். அது உங்கள் மேலேயே வழக்காகலாம். வந்தவர்களின் பெயர், ஸ்டேஷன், வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் போனதும் பெருக்கித் துடைத்துவிடாதீர்கள். எல்லா அறையையும் தேதி, நேரம் தெரியும்படி போட்டோ எடுங்கள். அக்கம்பக்கத்தினரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஆசாரியிடம் கதவுக்கும், கடையில் பீரோவுக்கும் எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள்.

மறுநாளே எஸ்.பி-க்கு எழுத்துப் புகாரை ரசீதோடு அனுப்புங்கள். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சோதனைப் பதிவின் நகல் கேட்டு மனு போடுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் அனுப்பக் கட்டணம் இல்லை. ஆனால் சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற முழு அமர்வு சொல்லியிருக்கிறது.

சிவில் வழக்கு என்றால் அரசுக்கு முதலில் 2 மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இதற்கான கெடு குறுகியது, தள்ளிப்போடாதீர்கள். வக்கீலுக்குப் பணமில்லையா? மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் கிடைப்பார். 15100-க்கு போன் செய்தால் போதும்.

"போலீஸ்காரங்களைப் பகைச்சுக்கிட்டு ஊர்ல இருக்க முடியுமா?" என்று வீட்டுப் பெரியவங்க கேட்பாங்க. அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால், உடைந்த கதவுக்குக் காசு கேட்பது பகை இல்லை, கணக்கு. தாழ்ப்பாளை மாற்றுவதற்கு முன்னால் ஒரு போட்டோ... அதை மட்டும் மறந்துடாதீங்க.