லிங்கநகர் வெக்கையில் வைப்ஸ் சூடாக்கி

கைக்குழந்தையின் மலத்தையும் சிறுநீரையும் துடைப்பதற்குப் பயன்படும் ஈரத்துடைப்பான்களை, அதாவது 'பேபி வைப்ஸ்' என்ற பெயரில் பொதி பொதியாக விற்கப்படும் நனைந்த மென்துணிகளை, எந்நேரமும் இளஞ்சூட்டில் வைத்திருப்பதற்கென்றே மின்சாரத்தில் இயங்கும் ஒரு பெட்டி மேலைநாடுகளில் விற்கப்படுகிறது. பிளாஸ்டிக் பெட்டியின் அடியிலோ மூடியின் உட்புறத்திலோ ஒரு சிறிய வெப்பத்தகடும், சூடு வரம்பு மீறாமல் காக்கும் கட்டுப்பாட்டுக் கருவியும் பொருத்தப்பட்டிருப்பதுதான் அதன் அமைப்பு; வேறு நுட்பம் எதுவும் அதில் இல்லை. திருகோணமலை நகரத்து லிங்கநகர் போன்ற ஊர்களுக்கு இத்தகைய பொருள் கடை வழியாக வருவதைவிட, கனடாவிலோ இலண்டனிலோ வாழும் சித்திமாரும் மாமிமாரும் பிள்ளைப்பேற்றுச் செய்தி கேட்டுக் கட்டி அனுப்பும் பெட்டிகளில், பால்போத்தல்களுக்கும் கம்பளிக் காலுறைகளுக்கும் நடுவே வந்து சேர்வதற்கே வாய்ப்பு அதிகம். அப்படி வந்ததைச் செருகிப் பயன்படுத்துவதா, வராவிட்டால் இணையத்தில் தேடி வாங்குவதா என்ற கேள்விக்கு விடை காண, குளிர் என்பது குழந்தையின் தோலில் எங்கிருந்து எழுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஈரத்துடைப்பான் குழந்தைகளுக்காகப் பிறந்த பொருள் அன்று. 1950களின் இறுதியில் நியூயோர்க்கில் ஆர்தர் ஜூலியஸ் என்பவர் உருவாக்கிய 'வெட் நாப்' என்னும் நனைந்த கைத்துடைப்பான், 1963இல் கென்டக்கி பொரித்த கோழிக் கடைகளுக்குள் நுழைந்து, எண்ணெய்க் கையைத் துடைக்கும் பொருளாகவே முதலில் பெயர் பெற்றது. குழந்தையின் பின்புறத்துக்கு அது வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான். அங்கிருந்து அதைச் சூடாக்கும் பெட்டி பிறந்ததற்குக் காரணம் மேலைநாடுகளின் காலநிலை. டொரன்டோவில் தை மாதத்தில் வீட்டுக்குள் வெப்பமூட்டி ஓடினாலும் இரவில் அறை 18 முதல் 20 பாகை செல்சியஸ் வரையில் இருக்கக்கூடும். குழந்தையின் தோலோ ஏறத்தாழ 33 முதல் 35 பாகையில் இருக்கும். அறையின் குளிரை அப்படியே உள்வாங்கிக் கிடக்கும் ஈரத்துணி திடீரென்று தோலைத் தொடும்போது இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ 15 பாகை வேறுபாடு இருக்கிறது. அரைத்தூக்கத்தில் கிடக்கும் பிள்ளை வீறிட்டு அழுவதில் வியப்பு ஒன்றும் இல்லை.

திருகோணமலையின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 28 பாகை. மார்கழி, தை இரவுகளில்கூட வெப்பநிலை சராசரியாக 24 பாகை அளவில்தான் இருக்கும். எனவே இங்கே பொதிக்குள் இருக்கும் துடைப்பானுக்கும் தோலுக்கும் இடையிலான வேறுபாடு, பெரும்பாலான நாட்களில், ஐந்தாறு பாகைதான். ஆனால் இங்குள்ள குழந்தைகளும் துடைக்கும்போது உடலைக் குறுக்கிக்கொள்கின்றன; "பிள்ளைக்குக் குளிருது" என்று அம்மம்மாமார் சொல்வதும் பொய்யன்று. வேறுபாடு இவ்வளவு சிறியதாக இருந்தும் குளிர் ஏன் தெரிகிறது என்றால், அது துணியின் குளிர்ச்சியால் மட்டும் வருவதில்லை, தோலில் படிந்த நீர் ஆவியாவதாலும் வருகிறது.

நீர் ஆவியாக மாறுவதற்கு வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை அது தான் ஒட்டியிருக்கும் பொருளிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. இதைப் பாடநூல்கள் ஆவியாதலின் மறைவெப்பம் என்கின்றன. தோலின் வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 யூல் தேவைப்படுகிறது. யூல் என்பது வெப்பத்தையும் ஆற்றலையும் அளக்கும் அலகு. இனி ஒரு துடைப்பானில் 4 கிராம் நீர் இருப்பதாகக் கொண்டு, சூடாக்கி அதனை 28 பாகையிலிருந்து 38 பாகைக்கு ஏற்றுவதாக வைத்துக்கொண்டால், ஒரு கிராம் நீரை ஒரு பாகை சூடேற்ற 4.2 யூல் வீதம், அது ஊட்டும் வெப்பம் மொத்தம் 168 யூல் மட்டுமே. இதே அளவு வெப்பத்தைத் தோலிலிருந்து பறித்துக்கொள்ள, 0.07 கிராம் நீர், அதாவது இரண்டொரு துளி, ஆவியானால் போதும். மணிக்கணக்கில் மின்சாரம் எரித்துச் சேர்த்த இளஞ்சூட்டை ஓரிரு துளி ஈரம் சிறிது நேரத்தில் செலவழித்துவிடுகிறது என்பதும், மெல்லிய துணியாகையால் பெட்டியிலிருந்து வெளியே இழுத்த கணமே அது ஆறத் தொடங்கிவிடுகிறது என்பதும் இக்கருவியின் அடிப்படைக் குறைகள். தொடும் முதற்கணத்தின் திடுக்கீட்டை அது குறைக்கும் என்பது உண்மை. அதற்குப் பின் வரும் குளிரை அது தொடுவதே இல்லை.

திருகோணமலைக்காரருக்கு இதை விளக்கப் பாடநூல் தேவையில்லை. அனுராதபுர வீதிப் பக்கம் கன்னியா வெந்நீர் ஊற்றின் ஏழு கிணறுகளில் ஏதேனும் ஒன்றில், நிலத்தடியில் சூடேறி வரும் நீரை வாளி வாளியாக அள்ளி ஊற்றிக்கொண்டவர், ஊற்றுவதை நிறுத்தித் துவாயைத் தேடும் நேரத்துக்குள் காற்றில் சிலிர்த்துப் போவார். வெந்நீரில் குளித்தவருக்கே அந்த நிலை என்றால், இளஞ்சூட்டுத் துணியால் துடைக்கப்பட்டு ஈரத்தோடு விடப்பட்ட குழந்தைக்கு என்ன நேரும் என்பதை ஊகிப்பது எளிது.

காற்றின் பங்கை இங்கே தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. வைகாசி முதல் ஆவணி வரையிலான மாதங்களில், மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு இறங்கும் கச்சான் காற்று கிழக்குக் கரையெங்கும் வீசும்போது வெப்பநிலை 34, 35 பாகை வரை ஏறுகிறது; ஆயினும் காற்று உலர்ந்திருப்பதால் ஈரம் விரைவாக ஆவியாகிறது. ஆக, ஊரே வெக்கையில் புழுங்கும் அந்த மாதங்களில்தான் நனைந்த தோல் அதிக விரைவில் வெப்பத்தை இழக்கிறது. மழை மாதங்களில் காற்றில் ஈரப்பதன் மிகுந்திருப்பதால் ஆவியாதல் மந்தமாகிவிடுகிறது. அதோடு, தகரக் கூரையோ ஓட்டுக் கூரையோ போட்ட வீட்டில் பகல் முழுவதும் சுழலும் மின்விசிறி, குழந்தை கிடக்கும் பாயின் மேலேயே காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும். துடைப்பதற்கு முன் அந்த விசிறியை நிறுத்துவதும், துடைத்த உடனே உலர்ந்த மென்துணியால் ஒற்றி எடுப்பதும் செய்யும் வேலையை எந்தச் சூடாக்கியும் செய்யாது. முதல் தொடுகைக் குளிரும் வேண்டாம் என்று நினைப்பவர், துடைப்பானை இரு உள்ளங்கைகளுக்கும் இடையில் சில நொடி பொத்தி வைத்திருந்தால் அது ஏறத்தாழ கையின் சூட்டுக்கே வந்துவிடும்.

பிறந்த குழந்தைக்குக் குளிர் ஆகாது என்ற பழைய அச்சத்துக்கு மருத்துவம் முழு ஆதரவு தருகிறது. ஆனால் அதற்கு மருத்துவம் சொல்லும் வழிகள் வேறு. உலக சுகாதார நிறுவனம் சிசுவின் இயல்பான உடல் வெப்பநிலையை 36.5 முதல் 37.5 பாகை வரை என வரையறுத்து, பிரசவ அறை 25 பாகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்றும், பிறந்தவுடன் குழந்தையை ஈரம் போகத் துடைத்துத் தாயின் மார்பில் தோலோடு தோலாகக் கிடத்த வேண்டும் என்றும், முதற் குளியலை 24 மணி நேரமாவது தள்ளிவைக்க வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறது. 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையோடு பிறந்த குழந்தைகளுக்குத் தோலடிக் கொழுப்புக் குறைவாதலால் வெப்ப இழப்பு உண்மையான ஆபத்து. அவர்களுக்காகவே 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் எட்கார் ரே சனாப்ரியா தொடங்கிய கங்காருப் பராமரிப்பு, அதாவது தாயின் மார்போடு குழந்தையைத் துணியால் கட்டி வைத்திருக்கும் முறை, இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. இவற்றுள் எதற்கும் மின்பெட்டி வேண்டியதில்லை. பிள்ளைப்பேற்றுக்குப் பின் வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர், 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் இன்றைய கண்ணி. எடை குறைந்த பிள்ளையின் சூடு பற்றிக் கவலைப்படும் தாய் முதலில் கேட்க வேண்டியது அவரிடம்தான்.

சூட்டைவிடப் பெரிய கேள்வி துடைப்பானைப் பற்றியதே. அது வேண்டவே வேண்டாம், பஞ்சும் வெந்நீரும் போதும் என்போர் உண்டு. அவர்கள் நினைப்பதுபோல அது தோலுக்குப் பகை என்பதற்குப் போதிய சான்று இல்லை. 2012இல் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 280 சிசுக்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் குறிப்பிட்ட ஒரு வகை ஈரத்துடைப்பானையும் மறுபிரிவுக்குப் பஞ்சையும் நீரையும் நான்கு வாரங்கள் பயன்படுத்தச் செய்து ஒப்பிட்டபோது, தோலின் ஈரப்பற்றைக் காப்பதில் துடைப்பான் பின்தங்கவில்லை என்று கண்டார்கள். அந்த ஆய்வுக்குப் பணம் தந்தது அத்துடைப்பானைச் செய்யும் ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனம் என்பதையும் வாசகர் சேர்த்தே எடைபோட வேண்டும். எல்லாத் துடைப்பான்களும் ஒரே தரத்தன அல்ல என்பதும் நினைவில் இருக்க வேண்டியது. நாட்கணக்கில் ஈரமாகக் கிடக்கும் பொருளில் பூஞ்சையும் நுண்ணுயிரும் பெருகாமலிருக்கக் காப்புப்பொருள் சேர்த்தாக வேண்டும். அவற்றுள் மெதைல்ஐசோதயாசொலினோன் என்பது பலருக்குத் தோல் ஒவ்வாமை உண்டாக்கியதால், 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியம் கழுவாமல் விடப்படும் அழகுப் பொருட்களில் அதனைத் தடை செய்தது. மணத்தில் மயங்கும் வழக்கமுள்ள நம் வீடுகளில் பொதியின் பின்புறத்துச் சிற்றெழுத்தைப் படிப்போர் குறைவு. படித்தால் இந்தப் பெயரையும் 'வாசனைப் பொருள்' என்ற சொல்லையும் தேடிப் பார்ப்பது நல்லது.

துடையிடுக்கில் தோன்றும் சிவப்பு, குளிரால் வருவதன்று. 'பம்பஸ்' என்று பொதுப்பெயராகிவிட்ட உறிஞ்சு கச்சைக்குள் மலமும் சிறுநீரும் கலக்கும்போது, மலத்திலுள்ள நுண்ணுயிர்களின் நொதியம் சிறுநீரின் யூரியாவைச் சிதைத்து அமோனியாவை உண்டாக்குகிறது. அதனால் தோலின் இயல்பான அமிலத்தன்மை குன்ற, மலத்திலுள்ள செரிமான நொதியங்கள் தோலையே அரிக்கத் தொடங்குகின்றன. வெப்பமும் ஈரமும் மிகுந்த கரையோர ஊரில், மணிக்கணக்காக மாற்றப்படாத கச்சைக்குள் இது இன்னும் விரைவாக நடக்கும். அடிக்கடி மாற்றுதல், காற்றாட விடுதல், நாக ஒட்சைட்டுக் களிம்பு பூசுதல் ஆகியவையே இதற்குப் பரிகாரம். பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து வெயிலில் காயப்போட்ட துணியும், அடுப்பிலிருந்து இறக்கி ஆறவிட்ட இளஞ்சூட்டு நீரும் நெடுங்காலம் இந்த வேலையைச் செய்துவந்தன. வீட்டில் இருக்கும் நேரத்துக்கு அவை இன்றும் போதும். இரவு முழுவதும் இளஞ்சூட்டு நீர் வேண்டுமானால் சரக்குத் தண்ணீருக்கென்று பிள்ளை பெற்றவளின் தலைமாட்டில் இருக்கும் சுடுதண்ணிப் போத்தலே உதவும். துடைப்பானை வெளியூர்ப் பயணத்துக்கும் கிளினிக் நாளுக்கும் ஒதுக்கிவைத்தால் செலவும் குறையும். குப்பையும் குறையும்; பல துடைப்பான்களில் செயற்கை இழை கலந்திருப்பதால் அவை மலக்குழியில் மக்குவதில்லை.

சூடாக்கிப் பெட்டி துடைப்பானுக்கே செய்யும் கேடும் கவனிக்கத்தக்கது. இடைவிடாத சூட்டில் அடியிலுள்ள தாள்கள் உலர்ந்து, சில வேளை பழுப்பு நிறமும் ஏறிவிடுகின்றன. அதனால் பல கருவிகளில் நீரூற்றி வைக்கும் மெத்தைப் பஞ்சு ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பஞ்சைக் கழுவாமலும் மாற்றாமலும் விட்டால், இளஞ்சூடும் ஈரமும் சேர்ந்து நுண்ணுயிர்களுக்கு ஏற்ற இடமாகிவிடும். மேலும், 15 வாட் திறனுள்ள பெட்டி ஒன்று நாள் முழுவதும் முழுத் திறனில் எரிகிறது என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்கு ஏறத்தாழ 11 அலகு மின்சாரம் செலவாகும். அலகுக் கணக்கில் இது சிறிதுபோலத் தோன்றினாலும், அண்மைக் காலத்து மின்கட்டண முறையில் மாதம் 60 அலகைத் தாண்டும் வீட்டுக்கு வேறு அட்டவணையே பொருந்துவதால், 55 அலகில் நின்றுகொண்டிருந்த குடும்பம் ஒரு துடைப்பான் பெட்டியால் மேற்படிக்குத் தள்ளப்படலாம். 2022 பங்குனி இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றபோது அந்தப் பெட்டி என்ன செய்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

டொரன்டோவின் மாசி இரவில் இரட்டைக் குழந்தைகளோடு விழித்திருக்கும் பெற்றோருக்கு அது சிறு வசதியாக இருப்பதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. அங்கிருந்து அது ஏற்கெனவே லிங்கநகருக்கு வந்து சேர்ந்துவிட்டிருந்தால், செருகுவதற்கு முன் அடிப்பக்கத்துச் சீட்டைக் கட்டாயம் படிக்க வேண்டும். இலங்கையின் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கனடாவில் அது 120 வோல்ட். வெப்பச்சுருள் ஒன்றில் வோல்ட் இரட்டிப்பானால் திறன் நான்கு மடங்காகும் என்பது மின்னியலின் எளிய விதி; அதன்படி 120 வோல்ட்டுக்கென்று செய்த 15 வாட் பெட்டி, மாற்றுமுனை போட்டு இங்குள்ள சுவர்ச் செருகியில் நேரே பொருத்தப்பட்டால், 50 வாட்டுக்கு மேல் இழுத்துப் பிளாஸ்டிக்கையே உருக்கிவிடக்கூடும். சீட்டில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதியிருந்தாலோ, பெட்டி இலண்டனிலிருந்து வந்திருந்தாலோ இந்தச் சிக்கல் இல்லை. மற்றவற்றுக்கு வோல்ட்டைக் குறைக்கும் மின்மாற்றி ஒன்றைத் தனியே வாங்க வேண்டும். அந்தப் பணத்துக்கு நல்ல பருத்தித் துணி பல யார் கிடைக்கும்.