வானத்தில் எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர்?

உணவுக்கடை மேசையில் வைத்த ஐஸ் தேநீர்க் குவளையின் வெளிப்புறம் சற்று நேரத்தில் வியர்த்துவிடுகிறது. அந்த நீர் குவளைக்குள்ளிருந்து கசிந்ததல்ல. சுற்றியுள்ள காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் நீராவிதான் குளிர்பட்டுத் துளியாகிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இது அன்றாடக் காட்சி என்பதால் யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால், கோடிக்கணக்கான டாலர் செலவில் எழும் சில தொலைநோக்கிகளை எங்கே அமைப்பது என்பதை இந்த நீராவிதான் முடிவு செய்கிறது.

நீராவி ஏன் இடையூறாகிறது?

எல்லா ரேடியோ தொலைநோக்கிகளுக்கும் நீராவி எதிரியல்ல. இந்தியாவில் புனே நகருக்கு வடக்கே 30 பெரிய அலைவாங்கிகளைக் கொண்ட ஜிஎம்ஆர்டி தொலைநோக்கி இருக்கிறது. அது நீண்ட அலைநீளங்களில் இயங்குவது. அத்தகைய அலைகள் மேகத்தையும் ஈரக் காற்றையும் எளிதில் ஊடுருவி வந்துவிடும். அங்கே தேவைப்படுவது மனிதர்களின் மின்னிரைச்சல் குறைந்த இடம்.

மில்லிமீட்டர் அளவுக்கும் அதற்குக் குறைவாகவும் உள்ள குறுகிய அலைகளின் கதை வேறு. விண்மீன்களும் கோள்களும் பிறக்கும் குளிர்ந்த வாயு மேகங்கள் இந்த அலைகளைத்தான் வெளியிடுகின்றன. பல ஆண்டுகள் பயணம் செய்து பூமியை வந்தடையும் அவற்றைக் கடைசிச் சில கிலோமீட்டரில் நீராவி உறிஞ்சிவிடுகிறது. உறிஞ்சுவதோடு நில்லாமல், தானும் ஒளிர்ந்து இரைச்சலைக் கூட்டுகிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. நீராவி அலையின் வருகையைத் தாமதப்படுத்துகிறது. ஒரு மில்லிமீட்டர் நீருக்குச் சமமான நீராவி இருந்தால், அலை ஏறக்குறைய 6.5 மில்லிமீட்டர் கூடுதலாகப் பயணம் செய்ததுபோல் ஆகிவிடும். அலைநீளமே ஒரு மில்லிமீட்டர் என்றால், இது ஆறு அலைகளுக்கும் மேல். காற்றில் நீராவி திட்டுத் திட்டாக நகர்வதால், அருகருகே உள்ள இரண்டு அலைவாங்கிகளில்கூடத் தாமதம் ஒன்றாக இருப்பதில்லை. விளைவு, படம் கலங்கிப்போகிறது.

எப்படி அளக்கிறார்கள்?

தரையிலிருந்து வானத்தின் மேல்முனை வரை ஒரு காற்றுத் தூண் நிற்பதாக வைத்துக்கொள்ளலாம். அதிலுள்ள நீராவி முழுவதையும் நீராக்கித் தரையில் ஊற்றினால் எத்தனை மில்லிமீட்டர் உயரம் நிற்கும்? இதுவே கணக்கு. நிலநடுக்கோட்டுப் பகுதியில் இது 50 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும். சிலி நாட்டின் அத்தகாமா பாலைவனத்தில், சுமார் 5,000 மீட்டர் உயரத்தில் உள்ள சாஹ்னந்தோர் சமவெளியில் அது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கிறது. தென்துருவத்தில், குளிர்காலத்தில், அரை மில்லிமீட்டருக்கும் குறைவு.

அளப்பதற்கு முக்கியமாக மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, சாய்த்துப் பார்க்கும் ரேடியோமீட்டர். இந்தக் கருவி முதலில் தலைக்கு மேலே வானத்தைப் பார்க்கும். பிறகு படிப்படியாகச் சாயும். அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் பார்க்கும்போது அதன் பார்வை இரு மடங்கு காற்றைக் கடக்கிறது. சாயச் சாய வானத்தின் ஒளிர்வு எவ்வளவு கூடுகிறது என்பதைக் கொண்டு, காற்று எவ்வளவு அலையை விழுங்குகிறது எனக் கணக்கிடலாம். அமெரிக்காவின் தேசிய ரேடியோ வானியல் ஆய்வகம் 1995இல் 225 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் இத்தகைய கருவியைச் சாஹ்னந்தோரில் நிறுவியது.

இரண்டாவது, பலூன். அதில் கட்டிய சிறு கருவி மேலே செல்லச் செல்ல வெப்பத்தையும் ஈரத்தையும் சொல்லிக்கொண்டே போகும். நீராவி எந்த உயரத்தில் தங்கியிருக்கிறது என்பது இதில் தெரியும்.

மூன்றாவது, 300 மீட்டர் இடைவெளியில் வைத்த இரண்டு சிறு தட்டுகள். நிலையாக நிற்கும் செயற்கைக்கோள் ஒன்றின் சமிக்ஞையை இரண்டும் கேட்கின்றன. வருகை நேரத்தில் தோன்றும் வித்தியாசம், காற்று எவ்வளவு அமைதியற்றது என்பதைக் காட்டிவிடும்.

ஏன் ஆண்டுக்கணக்கில்?

ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பார்கள். ஒரு வாரம் வானம் தெளிவாக இருந்ததை நம்பி இடத்தை முடிவு செய்ய இயலாது. சாஹ்னந்தோரே அதற்குச் சாட்சி. அங்கே கோடையில், ஆண்டின் தொடக்க மாதங்களில், கிழக்கேயிருந்து ஈரக் காற்று வீசும். மழையும் பனியும் வரும். அதனால் அங்குள்ள அல்மா தொலைநோக்கி பிப்ரவரியில் வானாய்வை நிறுத்திவிடுகிறது. ஆண்டு முழுதும், பல ஆண்டுகள் அளந்தால்தான் இப்படிப்பட்ட குறைகள் வெளிப்படும்.

வறட்சி மட்டும் போதுமா என்றால், போதாது. மேலே போகப் போக நீராவி குறையும், மூச்சுக்காற்றும் குறையும். 5,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடப் பாதியளவே. அங்கே வேலை செய்வோருக்குத் தலைவலியும் மூச்சுத்திணறலும் வரக்கூடும், சிந்தனையும் மந்தமாகும். அதனால் அல்மாவின் இயக்க மையத்தைச் சுமார் 2,900 மீட்டர் உயரத்தில் அமைத்தார்கள். தென்துருவம் இன்னும் வறண்டதுதான். ஆனால், குளிர்காலத்தில் மாதக்கணக்கில் அங்கே விமானம் செல்வது அரிது. வடவானமும் அங்கிருந்து தெரியாது. மில்லிமீட்டர் கணக்கோடு மனிதர்களின் நலத்தையும் சேர்த்துத்தான் நிறுக்க வேண்டியிருக்கிறது.

அளவை ஓய்வதில்லை

2013 மார்ச்சில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட அல்மாவில் 66 அலைவாங்கிகள் உள்ளன. அவற்றுள் 12 மீட்டர் விட்டமுள்ள 54 அலைவாங்கிகள் ஒவ்வொன்றிலும் 183 கிகாஹெர்ட்ஸில் நீராவியை நோக்கும் ரேடியோமீட்டர் இருக்கிறது. அது நொடிக்கு நொடி அளந்து தருவதைக் கொண்டு அலையின் தாமதம் திருத்தப்படுகிறது.

2019 ஏப்ரல் 10ஆம் நாள் வெளியான கருந்துளையின் முதல் படத்திற்கும் இந்த நீராவிக் கணக்கு தேவைப்பட்டது. 2017 ஏப்ரலில், ஆறு இடங்களிலுள்ள எட்டுத் தொலைநோக்கிகள் சேர்ந்து அதற்காக வானத்தைப் பார்த்தன. சிலி, ஹவாய், அரிஸோனா, மெக்சிகோ, ஸ்பெயின், தென்துருவம் எனப் பரந்து கிடக்கும் அவ்விடங்களில் ஒரே நேரத்தில் வானம் ஒத்துழைக்க வேண்டும். எங்கே எவ்வளவு நீராவி என்று பார்த்த பிறகே அன்றைய இரவு வேலை தொடங்குவதா வேண்டாமா என்று முடிவெடுத்தார்கள்.

வானியலாளருக்குத் தொல்லை தரும் அதே தாமதம், வானிலை ஆய்வாளருக்குப் பயன் தருகிறது. ஜிபிஎஸ் சமிக்ஞையும் நீராவியால் தாமதமாகிறது. அந்தத் தாமதத்தை அளந்தால் தலைக்கு மேல் எவ்வளவு ஈரம் சேர்ந்திருக்கிறது என்பது தெரியும். கனமழையை முன்கூட்டிக் கணிப்பதற்கும் அது உதவும். அடிக்கடி வெள்ளத்தைச் சந்திக்கும் நாடுகளுக்கு இந்த அளவை எவ்வளவு தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.