குழந்தைகளின் இராக்கால மூக்கடைப்பு

மார்கழித் திங்களிற் குளிர்காற்று திண்டுக்கல் நகரையும் சுற்றியுள்ள சமவெளியையும் தழுவுங்கால், பகலெல்லாம் ஓடி விளையாடிய குழந்தை நள்ளிரவில் மூக்கடைத்து விழித்து அழுதலை நாம் பல இல்லங்களிற் கண்டுள்ளோம். இஃது இரவில் மிகுவதேன்?

குழந்தையின் நாசித் துவாரம் மிகக் குறுகியது. படுத்த நிலையில் நாசியின் உட்சவ்வில் இரத்தம் மிகுந்து நிற்பதால் சவ்வு வீங்குகின்றது; சளியும் எளிதில் வடிவதில்லை. மூக்கைச் சிந்தவும் குழந்தை அறியாது.

இதற்குப் பெரியோர் மூக்கில் எண்ணெய் விடுவதும் கற்பூரத் தைலம் பூசுவதும் உண்டு. அன்பினாற் செய்யப்படினும் இவை தீங்கு பயப்பன. எண்ணெய் நுரையீரலுட் புகின் அழற்சி உண்டாகும். கற்பூரம் உட்சென்றால் வலிப்பு வருதலுங் கூடும். மருத்துவரைக் கேளாது கொடுக்கும் மருந்தும் அஞ்சத்தக்கதே. 2025-ஆம் ஆண்டில், நம் காஞ்சிபுரம் மாவட்டத்திற் செய்யப்பட்ட இருமல் மருந்தொன்றில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு கலந்திருந்தமையால், மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் 20-க்கு மேற்பட்ட சிறு குழந்தைகள் சிறுநீரகங் கெட்டு மாண்டனர்.

செய்யத்தக்கது எளியது. காய்ச்சி ஆறிய 240 மில்லிலிட்டர் நீரில் கால் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, ஒவ்வொரு நாசியிலும் இரண்டொரு துளி விட்டு, இளகிய சளியை மெல்லிய துணியால் துடைக்க. இந்நீரை அன்றன்று புதிதாகச் செய்க. ஓராண்டு நிறைந்த குழந்தை நிமிடத்திற்கு 40 முறையோ அதற்கு மேலோ மூச்சு விடினும், எக்குழந்தையாயினும் மூச்சிழுக்கையில் மார்பின் கீழ்ப்பகுதி உட்குழியினும், பாலுண்ண மறுப்பினும், விடியுமட்டுங் காத்திராது மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

நம் மாணவர் விடுமுறையில் இல்லஞ் சென்று பாட்டிமாரிடம் இதனைப் பணிவோடு எடுத்துரைப்பாராயின், கற்றதன் பயன் அதுவேயாம்.