மரச்செவி – 9: வட்டம் முட்டையான கதை

போன வாரம் ஹேர் டிரையரோடு விட்டேன். கிராடோ எஸ்ஆர்60 ஹெட்போன், சூட்டில் பசை இளகியது, பிளாஸ்டிக் கிண்ணம் கழன்றது, உள்ளே ஒலி எழுப்பும் டிரைவர் சேதாரமில்லாமல் கைக்கு வந்தது. முன்கதை இவ்வளவுதான். கிராடோ கம்பெனியின் பூர்வகதை, புரூக்ளின் பழக்கடைக் கட்டடம், ஜோசப் கிராடோவின் சமையலறை மேசை எல்லாம் மறுபடியும் வேண்டும் என்பவர்கள் பழைய இதழ்களை எடைக்குப் போட்டிருக்கக் கூடாது.

பிளாஸ்டிக்குக்குப் பதில் மரக் கிண்ணம் மாட்டியதும் ஒலி எப்படி மாறியது என்று இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். மூன்று பக்கம் எழுதியும் முடித்திருந்தேன். அந்த மூன்று பக்கமும் இப்போது என் மேசைமேல் குப்புறக் கிடக்கின்றன. சால்டரிங் ஈயம் சொட்டினால் மேசை கருகாமல் இருக்க, காகிதம் ஏதாவது விரிக்க வேண்டுமல்லவா?

நடந்தது இது. அறுவை மில்லில் ஒரு பலாப் பலகை வாங்கினேன். நல்ல மஞ்சள், நல்ல வாசம். அந்த வாசத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கடைசல் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். அந்தக் காலத்தில் அவர் வீட்டுப் பெரியவர்கள் மஞ்சக்கடம்பில் சொப்புச் சாமான் கடைந்தவர்கள். இவர் கடைவது பெரும்பாலும் கட்டில் கால், மாடிப்படிக் கம்பம். நான் நீட்டிய படத்தைப் பார்த்து, "உரலுக்கு அடி இல்லாம கேக்கீயளே தம்பி, எதுக்கு?" என்றார். காதில் மாட்ட என்றேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு கிண்ணங்கள் கையில். டிரைவர் உள்ளே போய் உட்கார்ந்த அழகு, கொலுவில் பொம்மை உட்கார்ந்ததுபோல்.

கிராடோவில் கேபிள், கிண்ணத்தில் இருக்கும் ஓட்டை வழியாக உள்ளே போய் டிரைவரில் பற்றவைக்கப்பட்டிருக்கும். புதுக் கிண்ணம் போட வேண்டுமானால் அதைப் பிரித்து, புது ஓட்டையில் நுழைத்து, மறுபடி பற்றவைக்க வேண்டும். காதுக்கு இரண்டு கம்பி, ஆக மொத்தம் நான்கு. இரவு பதினொரு மணிக்கு, கண்ணாடியைத் தேடி எடுக்கச் சோம்பல்பட்டு, அதைச் செய்தேன். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அன்றிரவு ஏசி அறையில் உட்கார்ந்து திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி கேட்டேன். அடடா! நாகஸ்வரம் என் மண்டைக்குள் ஒலிக்கவில்லை. இரண்டு தோளுக்கும் அப்பால், நான்கு மாட வீதியையும் அடைத்துக்கொண்டு வருவதுபோல் இருந்தது. பலாமரமல்லவா, வீணைக்கும் மிருதங்கத்துக்கும் ஆகிவந்த மரமல்லவா, பாட்டை எப்படி விரிக்கிறது பாருங்கள் என்று மூன்று பக்கம் எழுதினேன். மூன்றாம் நாள் இரவு, பாட்டு எதுவும் ஓடாதபோது, மேசைமேல் இருந்த ஹெட்போனிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். இடது கிண்ணம் விளிம்பிலிருந்து அடிவரை வெடித்திருந்தது.

மறுநாள் பட்டறை. பெரியவர் விரிசலைப் பார்க்கவே இல்லை. வெடிக்காத வலது கிண்ணத்தை வாங்கி, டிரைவரைக் கழற்றச் சொல்லி, உள்ளே கட்டைவிரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.

"வட்டமா இல்லையே தம்பி. ஏசி ரூம்ல வச்சீயளோ?"

நான் நம்பவில்லை. வெர்னியர் போட்டு அளந்தேன். ஒரு பக்கம் 50.3 மில்லிமீட்டர், குறுக்கே 49.4. கண்ணுக்குத் தெரியாததை அவர் விரல் சொல்லிவிட்டது. வட்டமாகக் கடைந்தது முட்டையாகியிருந்தது. டிரைவரோ வட்டத்தை விட்டுக்கொடுக்காது. மரம் ஒரு பக்கமாக இறுக்க, இடது கிண்ணம் தாங்காமல் வாயைத் திறந்துவிட்டது.

மரம் காய்ந்தால் சுருங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்கினால் வட்டம் சின்ன வட்டமாகத்தானே ஆக வேண்டும்? ஏன் முட்டை? இந்தக் கேள்வி என் வாரத்தில் நான்கு நாளைத் தின்றுவிட்டது. அமெரிக்காவின் மேடிசன் நகரில் அரசின் வனப்பொருள் ஆய்வகம் ஒன்று இருக்கிறது. 1935 முதல் 'உட் ஹேண்ட்புக்' என்று ஒரு தடிமனான நூலைத் திருத்தித் திருத்தி வெளியிட்டு வருகிறார்கள். அதில் ஓர் அட்டவணை. ஒவ்வொரு மரமும் பச்சையிலிருந்து சுத்தமாகக் காயும்வரை எந்தப் பக்கம் எத்தனை சதவீதம் சுருங்கும் என்ற கணக்கு. துப்பறியும் நாவலைக்கூட நான் இவ்வளவு ஆசையாகப் படித்ததில்லை.

மரத்துக்கு மூன்று திசை. வேரிலிருந்து நுனிக்குப் போகும் நெட்டுவாக்கு ஒன்று. அந்தத் திசையில் சுருக்கம் 0.1 அல்லது 0.2 சதவீதம்தான், இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். நடு வைரத்திலிருந்து பட்டைக்கு வரும் திசை இரண்டாவது. வளையங்களை ஒட்டிச் சுற்றிப் போகும் திசை மூன்றாவது. இந்த மூன்றாவதுதான் கலகக்காரத் திசை. பொதுவாக இரண்டாவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். தேக்கு 2.5 சதவீதம் ஒரு பக்கம், 5.8 மறுபக்கம். பீச் மரம் 5.5-க்கு 11.9. மஹோகனிக்கு வாருங்கள்: 3.0-க்கு 4.1! இரண்டும் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி. காய்ந்தாலும் வட்டம் பெரிதாகக் கோணாது. கிராடோவின் விலை உயர்ந்த ஆர்எஸ்1 மஹோகனிக் கிண்ணத்தோடு வந்தபோது, ஒலிக்காகத்தான் அந்த மரம் என்று நானும் எழுதியிருக்கிறேன், நான்காவது வாரம் என்று ஞாபகம். ஒலி இருக்கட்டும். கடைசல்காரனுக்கு உகந்த மரம் என்ற ஒரு காரணமே அதற்குப் போதும் என்று இப்போது தோன்றுகிறது.

என் முட்டாள்தனம் இன்னும் ஒரு படி மேல். நான் கொடுத்தது பலகை. பலகையின் முகத்தில் வட்டம் போட்டுக் கிண்ணம் கடைந்தால், அந்த வட்டத்தின் ஒரு விட்டம் நெட்டுவாக்கில் போகும், அது அசையாது. குறுக்கு விட்டம், பலகையை அறுத்த விதத்தைப் பொறுத்து, அந்தக் கலகக்காரத் திசையில் விழும். தேக்குப் பலகையாகவே இருந்தாலும், பச்சையாகக் கடைந்த 60 மில்லிமீட்டர் வட்டம் முழுக்கக் காய்ந்தால், குறுக்கே மூன்றரை மில்லிமீட்டர் அளவுக்குக் குறையலாம். உருட்டுக் கட்டையை நிறுத்திவைத்துக் கடைந்தால் இரண்டு விட்டமும் சுருங்கும். ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர்தான். இதைக் கணக்குப் போட்டுக்கொண்டு போய்ப் பெரியவரிடம் காட்டினேன். மரியாதைக்காக முழுக்கக் கேட்டார்.

"இதுக்கு எதுக்குத் தம்பி பொஸ்தகம்? பாதி கடைஞ்சு போட்டுரணும். கோணுறதெல்லாம் கோணி முடிக்கட்டும். பொறவு மீதியக் கடையணும்."

இதுதான் வழி. சுவர் தடிமனாக இருக்கும்படி முரட்டுக் கடைசல் ஒன்று. பிறகு நிழலில் காயப்போட வேண்டும். மரம் தன் முட்டை ஆசையைத் தீர்த்துக்கொண்டதும் மறுபடி கடைசலில் ஏற்றி வட்டமாக்க வேண்டும். பின்னே முதல் தடவையே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "கட்டில் காலு முட்டையானா யாரு தம்பி கேக்கா?" என்றார்.

அல்லது கோணி முடித்த மரத்தையே தேடிப் பிடிக்கலாம். திருவிடைமருதூர் பக்கம் நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்பவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். 2022-இல் அந்த நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரம்தான் அவர்களுக்கு, அதுவும் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் தூணும் உத்தரமும். பல பத்தாண்டுகள் கூரையைத் தாங்கிய மரம் இனி எங்கே சுருங்கப் போகிறது? ராஜரத்தினம் பிள்ளைக்குப் பாரி நாயனம் என்ற நாகஸ்வர வகையைச் செய்துகொடுத்த ரங்கநாதன் ஆசாரி அந்த ஊர்க்காரர்தான். ஆக, நான் கேட்ட தோடி காய்ந்த மரத்திலிருந்து பிறந்து, காயாத மரத்துக்குள் வந்து விழுந்திருக்கிறது.

ஜப்பான்காரர்களும் பழைய மரத்தைத்தான் தேடிப் போனார்கள். 1989-இல் சோனி எம்டிஆர்-ஆர்10 என்று ஒரு ஹெட்போன் விட்டது. மரக் கிண்ணக்காரர்களுக்கு அது கர்ப்பக்கிரகம் மாதிரி. அன்றைய விலை 2,500 டாலர். கிண்ணம், 200 வயதான செல்கோவா மரம். அதன் டிரைவருக்குள் அதிரும் ஜவ்வு எதனால் ஆனது தெரியுமா? பாக்டீரியா நெய்த செல்லுலோஸ்! அஜினோமோட்டோ நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது. அலுமினியம்போல் வேகமாக ஒலியைக் கடத்தும்; காகிதம்போல் அதிர்வைச் சட்டென்று அடக்கிவிடும். பிலிப்பைன்ஸில் தேங்காய்த் தண்ணீரைப் புளிக்கவைத்து 'நாட்டா டி கோகோ' என்று வழுவழு வில்லைகள் செய்வார்கள், நம் ஊர் பழரசக் குப்பிகளிலும் மிதக்கும். அதுவும் இதே பாக்டீரியாக் குடும்பத்தின் கைவேலைதான். இதைத் தனியாகவே ஒரு வாரம் எழுத வேண்டும். ஆசிரியர் முறைப்பது தெரிகிறது, மரத்துக்கே திரும்புகிறேன்.

இனி அந்த மூன்று பக்கத்துக்கு வருவோம். வெடித்த கிண்ணத்திலிருந்து டிரைவரை மீட்கும்போது, இந்த முறை கண்ணாடி போட்டிருந்தேன். இடது பக்கத்தில் இரண்டு கம்பிகளும் இடம் மாறியிருந்தன. நேரும் எதிரும் தலைகீழ். அப்படி இருந்தால் வலது ஜவ்வு காதை நோக்கித் தள்ளும்போது இடது ஜவ்வு பின்னால் இழுக்கும். நடுவில் நிற்க வேண்டிய ஒலி நடுவில் நிற்காது; இரண்டு பக்கமும் பிய்ந்துபோய்த் தலைக்கு வெளியே தொங்கும். நான்கு மாட வீதி என்றேனே, அதுதான் இது. பலாமரம் ஒரு பாவமும் அறியாது.

வெட்கம் அதோடு முடியவில்லை. ராஜரத்தினம் பிள்ளை மறைந்தது 1956-இல். அவர் பதிவுகள் மோனோ. இரண்டு காதுக்கும் ஒரே ஒலிதான் போகிறது. அது மண்டைக்கு நடுவில், ஒரே புள்ளியில் கேட்டே தீர வேண்டும். ஒன்பது வாரமாக ஹெட்போன் தொடர் எழுதுகிறவனுக்கு, மோனோ பதிவில் அகலம் கேட்டால் எங்கோ கோளாறு என்று உறைக்க வேண்டாமா? உறைக்கவில்லை. கையில் மரம் இருந்தது, மூக்கில் பலா வாசம் இருந்தது, காது அவற்றோடு கூட்டுச் சேர்ந்துகொண்டது. 1994-இல் ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஹார்மன் நிறுவனத்தில் 40 பேரை உட்காரவைத்து ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். திரைக்குப் பின்னால் வைத்தபோது ஒரு மதிப்பெண், கண்ணால் பார்த்தபோது வேறு மதிப்பெண். அவர்களாவது அந்த நிறுவனத்தின் ஊழியர்கள், தங்கள் கம்பெனி சரக்கின்மேல் பாசம் இருக்கும். எனக்கு என்ன சாக்கு?

என் இன்றைய கட்சியைச் சொல்லிவிடுகிறேன், அடுத்த மாதம் மாறலாம். கிராடோ மாதிரி முதுகு திறந்த ஹெட்போனில் கிண்ணம் என்பது டிரைவருக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டைக் குழாய். குழாயின் ஆழம், உள்வாயின் அகலம், சுவரின் கனம் இவை மாறினால் ஒலி மாறும். பலாவா, தேக்கா, பூவரசா என்பது அதற்கெல்லாம் பிறகு, வெகுதூரம் பின்னால். இதற்காக எனக்குக் கடிதம் எழுதப்போகும் கருங்காலி ரசிகர்கள், தயவுசெய்து கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு எழுதவும்.

இரண்டாவது ஜோடி முரட்டுக் கடைசல் முடிந்து, செய்தித்தாள் சுற்றி, பரணில் இருக்கிறது. பலாவேதான், ஆனால் இந்த முறை உருட்டுக் கட்டை. தினமும் காலையில் காபிக்கு முன் சமையல் தராசில் நிறுத்துச் சுவரில் குறித்து வருகிறேன். எடை குறைவது நின்றால் மரம் காய்ந்தது என்று கணக்கு. முதல் நாள் இடது கிண்ணம் 104 கிராம். நேற்று 97, இன்றும் 97 என்று துள்ளினேன். தராசில் பாட்டரி தீரப்போகிறது என்கிறாள் மனைவி.

அதனால் அடுத்த வாரமும் மரத்தின் ஒலி கிடையாது. காதைத் தொடும் பஞ்சு மெத்தையைப் பார்ப்போம். மூன்று ஜோடி வாங்கியிருக்கிறேன், அதில் ஒரு ஜோடி பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சிலிருந்து நானே வெட்டியது.